ஒன்றுவிட்டு ஒரு படம்

பூர்-முராவில் மூடுபனி. கண்காணிப்பகத்தின்
காப்பி இயந்திரம் கெட்டு நான்கு நாள்.
எரிமலை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

இந்தத் தீவில் அதற்கு உலை என்று பெயர்.
ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் பக்கத்துப் பேச்சு;
இங்கே உலைக்கே மூடி இல்லை.
விளிம்பில் ஒரு வெப்பக் கேமராவை நட்டுவைத்து
அது என்ன பார்க்கிறதென்று பார்த்திருப்பது
எங்கள் பிழைப்பு.

அதன் உணரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு:
பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்று.
அதற்கு மேல் அதற்கு எண் தெரியாது.
எண்ணூறு டிகிரியும் அங்கே அதுதான்,
ஆயிரத்து நூறும் அதுதான்.
நிறைந்த படியில் மேலும் ஊற்றினால்
வழிந்தது எவ்வளவென்று படி சொல்லாது.
லாவா வரும்போதெல்லாம் திரையில்
சுண்ணாம்பு அடித்த சுவர்.

அதனால் ஒரு விதி எழுதினேன். பதினொரு வரி.
நூற்றில் இரண்டு புள்ளி கூரையைத் தொட்டால்
திறப்பு நேரத்தைப் பாதியாக்கு.
இன்னும் தொட்டால் இன்னும் பாதி.
யாரும் எழுந்து வரவேண்டாம்,
கண் தானாகச் சுருங்கிக்கொள்ளும்.
ஒதில் வயாபூரியிடம் காட்டினேன்
(வையாபுரி என்று நான் எழுதிவைத்தால்
அழித்துவிட்டுத் தன் எழுத்தைப் போடுபவள்).
படித்தாள். "மறுபடி எப்போது திறக்கும்?" என்றாள்.
அதைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

செவ்வாய் இரவு மூன்று நாற்பதுக்குப் பிளந்தது.
விதி விழித்தது.
அரை. கால். அரைக்கால். வீசம்.
நான் காரைக்கால்காரி,
பின்னம் எனக்கு ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது.
நான்கு மூச்சில் சுண்ணாம்பு உதிர்ந்து
லாவாவின் தோல் தெரிந்தது:
பாலேடுபோல் மடிந்து, மடிந்த இடத்தில் கிழிந்து,
கிழிசலுக்குள் இன்னொரு ஓட்டம்.
கைதட்டினேன், நானே எனக்கு.

ஒதில் தட்டவில்லை.
"இடது ஓரத்தில் இரண்டு புள்ளி இருந்ததே."

பின்னோக்கி ஓட்டினோம்.
வீசத்தில் இல்லை. அரைக்காலில் இல்லை.
காலில் ஐயம். அரையில் ஒன்று.
முழுத் திறப்பில், உலை முழுக்க வெளுத்துப்போன
அந்த உதவாக்கரைப் படத்தில்,
அடைத்த வாயிலுக்கு அப்பால், பாதைமேல்
இரண்டு புள்ளி. முப்பது டிகிரி.
பின்னிரவில் எந்தக் கல்லும்
அவ்வளவு சூட்டை வைத்திருக்காது.
ஆள்.
அவன் எங்கும் போய்விடவில்லை. நாங்கள்தான்
சுழியத்துக்குள் தள்ளியிருந்தோம்.

பனி விலகக் காத்திருந்த ஹெலிகாப்டர்
ஏழு மணிக்குத் தூக்கியது.
சேன்-பிலிப்பில் ரொட்டி சுடுபவனாம்.
முப்பது வருடம் சின்ன அடுப்பு;
பெரிய அடுப்பைப் பார்க்க வந்தானாம்.
கணுக்கால் சுளுக்கு, வேறொன்றுமில்லை.
பாரிசுக்குப் போன அறிக்கையில்
லாவாவின் தோல் முதல் பக்கம்.
ரொட்டிக்காரன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"இது மனிதருக்கும் பொருந்தும்," என்று தொடங்கினாள் ஒதில்.
பொருத்தாதே என்றேன். இது திறப்பு நேரம்.
உட்கார்ந்து விதியைத் திருத்தினேன்.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு படம் சுருங்குவதில்லை.
முதல் படம் உலைக்கு.
அடுத்தது, கூரை இடிந்தால் இடியட்டும் என்று
அகலத் திறந்து கிடக்கும்.
அதில் உலை வெறும் வெள்ளை.
ஆராய்ச்சிக்கு ஆகாது, சேமிப்பகத்தை அடைக்கிறது என்று
மாதம் ஒரு கடிதம் வருகிறது.
ஒதில் பதில் எழுதுகிறாள், நீளமாக.

நேற்று அந்தியில் அந்த இரண்டாம் படத்தில்,
பாதையோரம், மங்கலாக ஒரு புள்ளி.
பெரிதாக்கினோம். கல்தான்.
பகல் வெயிலை
அவசரமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தது.
அது அணையும்வரை
இருவரும் எழுந்திருக்கவில்லை.